அத்தியாயம் 5: தனியாளாகத் தூக்க முடிகிற வண்டி

பர்கூர் மலையில் தாமரைக்கரையைத் தாண்டி ஓர் ஊருக்குப் போகும் மண்பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஏற்றத்தில் ஒரு வளைவு. நடக்கிற வேகத்தில்தான் போனேன். முன்சக்கரம் சேற்றில் வழுக்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நானும் அதோடு சேர்ந்து சாவகாசமாகப் படுத்துக்கொண்டேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. எழுந்து சேற்றை வழித்துப் போட்டுவிட்டு வண்டியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. வண்டி 228 கிலோ. அதில் இரண்டு அலுமினியப் பெட்டி, டெண்ட், அடுப்பு, மூன்று நாள் துணி.

மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவையில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. பெட்டிகளைக் கழற்றலாம் என்றால் ஒரு பெட்டியின் பூட்டு வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து மாடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவரும் அவர் பையனும் வந்தார்கள். மூன்று பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். பெரியவர் வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏந்தம்பி, உன்னால தூக்க முடியாத வண்டிய எதுக்கு இந்தப் பக்கம் கொண்டாந்த?”

இந்த அத்தியாயம் அவர் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் என் பழைய கதை

அந்தப் பெரிய வண்டி இரண்டாம் கையில் வாங்கியது. இரட்டை சிலிண்டர், வெளிநாட்டு நிறுவனம். பெயர் வேண்டாம். அது நன்றாக ஓடிய நாட்களில் அதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் ரெக்டிஃபையர் போனபோது உதிரிபாகம் வந்து சேர 41 நாள் ஆனது. வந்த பாகம் வேறு மாடலுக்கானது. மறுபடி 3 வாரம். சேலத்தில் அந்த வண்டியைத் தொட ஒரே ஒரு மெக்கானிக்தான் ஒப்புக்கொண்டார். அவரும் தொடுவதற்கு முன் நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டுக்கொள்வார்.

அதற்கும் முந்தைய வண்டி ஒற்றை சிலிண்டர். பார்க்க எளிமையானது, எடை மட்டும் 190 கிலோவுக்கு மேல். அது திடீர் திடீரென்று செத்துப்போகும். சர்வீஸுக்கு விட்டால் “பேட்டரி மாத்தியாச்சு சார், இனி பிரச்சினை இருக்காது” என்பார்கள். மூன்று பேட்டரி மாற்றினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே டேங்க்கைக் கழற்றிப் பார்த்தால், எர்த் வயர் சேசிஸில் உரசி உரசி, நாலைந்து செம்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய் வயரில் முடிந்த விஷயம். கோபம் சர்வீஸ்காரர்கள் மேல்தான் வந்தது. ஆனால் இரண்டு வருடம் ஒரு மல்டிமீட்டரை வாங்கிப் பேட்டரி முனையில் வைத்துப் பார்க்காத ஆளும் நான்தான்.

நீங்களும் அதைச் செய்திருக்காவிட்டால் இன்றே செய்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். முறுக்கியும் 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரியை மாற்றிப் பயனில்லை. 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் பேட்டரியை வறுத்துக்கொண்டிருக்கிறது. இது தெரியாததால்தான் நான் மூன்று பேட்டரி வாங்கினேன்.

ஆக, இடைஞ்சல் கொடுக்கிற வண்டியைக் கைகழுவும் முன் அந்த இடைஞ்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உரசிய வயரோ, தளர்ந்த போல்ட்டோ என்றால் வண்டியை மாற்ற வேண்டியதில்லை. பாகம் கிடைக்காதது, தூக்க முடியாத எடை, கம்ப்யூட்டரை மாட்டாமல் கோளாறு என்னவென்றே சொல்லாத எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை ரிப்பேரில் தீராது. அவற்றுக்கு வண்டியைத்தான் மாற்ற வேண்டும்.

போன வருஷம் எங்கே போனீர்கள்?

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்து, கடந்த 12 மாதத்தில் நிஜமாகவே போன இடங்களை எழுதுங்கள். போக நினைத்த இடங்களைச் சேர்க்காதீர்கள். எனக்கு வந்தது இது: ஏற்காடு, கொல்லிமலை, பர்கூர், வால்பாறை, கல்வராயன் மலை, ஒரே ஒரு தடவை ஹம்பி. மணிக்கு 110-க்கு மேல் ஓட்டியது மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் 100 குதிரைத்திறன் என்ன செய்யும்? அடுத்த வளைவுக்குச் சீக்கிரம் கொண்டுபோய் விடும். அங்கே பிரேக் பிடித்தாக வேண்டும்.

இமயமலைக்கு ஒருநாள் போவேன் என்பதற்காக வாங்கி, உழவர் சந்தைக்கு மட்டும் போய் வருகிற வண்டிகள் நம் ஊரில் ஏராளம்.

எடை என்ற விஷயம்

நிறுவனங்கள் எடையை இரண்டு விதமாகச் சொல்லும். எரிபொருளும் எண்ணெயும் இல்லாமல் சொல்வது ஒன்று. டேங்க் நிரப்பி ஓட்டத் தயாராக நிற்கும்போது சொல்வது இன்னொன்று. விளம்பரத்தில் எது குறைவோ அதைப் போடுவது வியாபார தர்மம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை, அதாவது கெர்ப் வெயிட்டை.

இந்தியாவில் அட்வென்ச்சர் வண்டி என்ற பெயரில் விற்றவற்றை இந்தக் கணக்கில் அடுக்கினால் படம் தெளிவாகிவிடும். பிஎம்டபிள்யூவின் ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வண்டி 196 கிலோ. அதற்கு முந்தைய 411-ம் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2020-இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் 177 கிலோ. ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் 175. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி 160-ஐ ஒட்டி.

167-க்கும் 196-க்கும் 29 கிலோதானே என்று தோன்றும். ஒரு மூட்டை சிமெண்டே 50 கிலோ. ஆனால் அந்த 29 கிலோவைக் காலை ஆறு மணிக்குத் தூக்குவது வேறு. மாலை ஐந்து மணிக்கு, அன்றைய நாளின் நான்காவது விழுதலில், செருப்பளவு சேறு பூட்ஸில் ஒட்டியிருக்கும்போது தூக்குவது வேறு. வண்டியை அந்த நாலாவது விழுதலை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் டீ குடித்துவிட்டு கிளம்பும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

எடை குறைந்த வண்டியில் தூரம் போக முடியாது என்பது நம் ஊரில் ஆழப் பதிந்த நம்பிக்கை. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து கிளம்பிய முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் சகாராவைக் கடந்து பைக் பிரிவில் ஜெயித்தது சிரில் நெவ்யூ ஓட்டிய யமஹா எக்ஸ்டி500. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர். லோயிஸ் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் பெண் 2003-இல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை போனது யமஹாவின் 225 சிசி வண்டியில். 1995-இல் ‘மோண்டோ எண்டூரோ’ என்று பெயர் வைத்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் நண்பர்கள் எடுத்துப்போனது சுசுகி டிஆர்350.

2004-இல் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் போன ‘லாங் வே ரவுண்ட்’ தொடரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் உலகமெங்கும் பெரிய ஜிஎஸ் வண்டிகளின் மேல் ஆசை பிறந்தது. எனக்கும்தான். ஆனால் மங்கோலியாவில் அவர்களின் கேமராமேன் கிளாடியோவின் வண்டி ஓட முடியாமல் போக, ஒரு சிவப்பு நிற ரஷ்ய இஜ் பிளானெட்டாவை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், கிழட்டு டிசைன். சேற்றில் மற்ற இருவரும் பெரிய வண்டிகளோடு மல்லுக்கட்ட, இவர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டும் நான் பெரிய வண்டிதான் வாங்கினேன். கண் பார்த்ததை மனசு ஏற்க வேண்டுமே!

ஏன் எக்ஸ்பல்ஸ்?

நான் மாறியது 200 சிசி எக்ஸ்பல்ஸுக்கு. நீங்கள் அதையே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்று காட்ட அது ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் இந்த வகைக்கு ஹீரோ நிறுவனம் 2011-இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியோடு பிள்ளையார் சுழி போட்டது. அது அவ்வளவாக எடுபடவில்லை. எக்ஸ்பல்ஸ் 2019-இல் வந்தது. நான்கு வால்வு எஞ்சின் (4வி) 2021-இல். 2025-இல் தண்ணீரில் குளிரும் 210-ம் வந்துவிட்டது.

4வி-யில் முன்னே 21 அங்குலம், பின்னே 18 அங்குலம், இரண்டும் ஸ்போக் சக்கரம். முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் அசையும், பின் ஷாக் 170. தரையிலிருந்து எஞ்சினின் அடிப்பாகம் 220 மில்லிமீட்டர். காகிதத்தில் வறண்ட எண்கள். மண்ணில் இவற்றின் பொருள் இது: உள்ளங்கையை விரித்த அகலத்துக்குக் கல் கிடந்தால் 17 அங்குலச் சக்கரம் அதில் முட்டி நிற்கும், 21 அங்குலம் ஏறி இறங்கிவிடும். பெரிய வட்டத்துக்குக் கல் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை. காற்றும் ஒரு சின்ன ஆயில் கூலரும்தான். ரேடியேட்டர் இல்லையென்றால் அதில் ஓட்டை விழாது, ஹோஸ் கழன்றுகொள்ளாது, ஃபேன் நின்றுபோகாது. இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாது என்பதை என் இப்போதைய மெக்கானிக் தம்பி அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றப் போய்விடுவான்.

ஆனால் நான் கடைசி முடிவெடுத்தது இந்த எண்களை வைத்து அல்ல, மூன்று ஃபோன் அழைப்பை வைத்து. அந்தியூரில் ஒன்று, தர்மபுரியில் ஒன்று, வால்பாறையில் ஒன்று என மூன்று ஸ்பேர்ஸ் கடைகளின் நம்பரைத் தேடி எடுத்தேன். மூன்றிலும் ஒரே கேள்வி: இந்த வண்டிக்கு கிளட்ச் கேபிள், பிரேக் லிவர், முன் டியூப் இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை நாளில் வரும்? என் பெரிய வண்டியின் பெயரைச் சொன்னபோது அந்தியூர்க்காரர் சிரித்துவிட்டார். எக்ஸ்பல்ஸுக்கு ஒருவர் கேபிள் இருக்கிறது என்றார். ஒருவர் “நாளைக்கு சாயந்திரம் ஈரோட்டுலருந்து பஸ்ல போட்டு வுட்டுடுவாங்க” என்றார். நீங்கள் எந்த வண்டியை நினைத்திருந்தாலும் இந்த மூன்று அழைப்பைச் செய்யுங்கள், அதுவும் அட்வான்ஸ் கொடுக்கும் முன். நம்பகமான வண்டி என்றால் கெட்டே போகாத வண்டி என்று எண்ணியிருந்தேன். இப்போது, கெட்டுப்போன மறுநாள் சாயங்காலம் ஓடுகிற வண்டி என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னென்ன போகும்

சக்தி போகும். 19 குதிரைத்திறன், ஐந்து கியர். 80, 85-இல் நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் விரட்டினால் ஓடாதென்றில்லை. எஞ்சின் கத்துவது நமக்கே பாவமாக இருக்கும். எதிர்க்காற்றிலும் மேம்பால ஏற்றத்திலும் நாலாவது கியருக்கு இறங்கத்தான் வேண்டும். சேலம்–கோவை நாலுவழிச் சாலையில் பேருந்துகள் உங்களைத் தாண்டிப் போகும். முதல் மாதம் அது உறுத்தும்.

உயரத்தில் இன்னும் குறையும். கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எஞ்சினுக்கும் மூச்சு அந்த அளவுக்குத்தான். லடாக்கின் கணவாய்களில் 19 என்பது 12-ஐ ஒட்டி நிற்கும். அங்கே முதல் இரண்டு கியரிலேயே ஏறுவீர்கள். மெதுவாக, ஆனால் ஏறுவீர்கள். பெட்ரோல் கணக்கு மட்டும் நமக்குச் சாதகம்: மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகை பிரசித்தம். 13 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 35 கொடுத்தால்கூட 455 கி.மீ. ஏற்றத்தில் அதுவும் குறையும் என்பதால் இரண்டு லிட்டர் தனியாகக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 700 கி.மீ. போகிறவர்கள், மனைவியை உட்காரவைத்து இரண்டு பேர் சாமான்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். உங்களுக்கு 250-லிருந்து 450 சிசிதான் சரி. மண்பாதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நான் நாள் கணக்கை மாற்றிக்கொண்டேன். காலை நாலரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் 250 கி.மீ. முடிந்துவிடும், பிற்பகலில் இன்னொரு நூறு. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை. அங்கே லிட்டர் பைக்காரரும் என்னோடு சர்வீஸ் ரோட்டில்தான் வருகிறார்.

அப்புறம் சொந்தக்காரர்கள். “பெரிய வண்டி வெச்சிருந்தீங்களே மாப்ள, என்னாச்சு? கடனா?” என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டார்கள். இதற்கு நான் எந்த டிப்ஸும் தர இயலாது.

உட்கார்ந்தால் கால் எட்டவில்லை

825 மில்லிமீட்டர் சீட் உயரம் ஐந்தரை அடி ஆளுக்கு உயரம்தான். இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதியாது. பலர் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்து, இதோடு சரி என்று இறங்கிவிடுகிறார்கள். சீட்டில் சற்று இடப்பக்கம் நகர்ந்து ஒரு காலை முழுசாக ஊன்றுங்கள்; வலக்கால் பிரேக்கில் இருக்கட்டும். 160 கிலோ வண்டியை ஒரு காலில் நிறுத்துவது பத்து நாளில் பழகிவிடும். 230 கிலோ வண்டியை அப்படி நிறுத்த எனக்குக் கடைசிவரை பழகவில்லை. லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துகிற வேலையை முதல் ஆயிரம் கி.மீ. வரை தள்ளிப்போடுங்கள். எந்த உயரத்துக்காகக் காசு கொடுத்தீர்களோ அதையே வெட்டுகிற வேலை அது. பூட்ஸின் அடிப்பாகம் ஓர் அங்குலம் தருகிறதே, அதுவே பாதி பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

பழையது வாங்கினால்

இந்த வகை வண்டியைப் பழையதாக வாங்குவதில் தப்பில்லை. ஆனால் விழாத வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கே, எப்படி விழுந்தது என்பதுதான் கேள்வி. ஹேண்டில்பாரின் கழுத்துப் பக்கம் வெல்டிங்கில் விரிசலோ புதுப் பெயின்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஓர் இடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஒரு சின்ன ஸ்பேனரால் ஸ்போக்குகளை வரிசையாகத் தட்டுங்கள். இறுகியது ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். காது உள்ள யாருக்கும் இது தெரியும், மெக்கானிக்கே வேண்டாம்.

காகிதத்தில் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து. வேறு மாநில வண்டியென்றால் 28, அதாவது தடையில்லாச் சான்று. கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கி தந்த 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

முதல் மாதம்: விழவும் தூக்கவும்

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு புல்வெளிக்குக் கொண்டுபோய், பழைய மெத்தையோ சாக்கோ விரித்து, நீங்களே படுக்கவையுங்கள். புது வண்டியைப் படுக்கவைக்க மனசு வராது. வராவிட்டால் அது தானாக ஒருநாள் படுக்கும். அப்போது மெத்தை இருக்காது.

தூக்குவது இப்படி. சாவியை அணைத்து, கியரில் போடுங்கள், பின்சக்கரம் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். தரையில் கிடக்கும் கைப்பிடி டேங்க்கை ஒட்டி வரும்வரை ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பைக் கொடுத்து, ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடியுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். காலால் தள்ளிக்கொண்டே ஒரு சாண் ஒரு சாணாகப் பின்னால் நடந்தால் வண்டி எழும். பல எஃப்.ஐ. வண்டிகளில் சாய்வை உணரும் சென்சார் எஞ்சினை அணைத்துவிடும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் காட்டுப்பாதையில் செல்ஃபை அமுக்கி அமுக்கியே பேட்டரியைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மொட்டைமாடியில் பஞ்சர்

எக்ஸ்பல்ஸின் ஸ்போக் சக்கரத்துக்கு உள்ளே டியூப். டியூப்லெஸ் மாதிரி ஆணியைப் பிடுங்கிக் குச்சியைச் சொருகி வேலை முடியாது. ஆகவே பஞ்சர் ஒட்டத் தெரியாமல் இந்த வண்டியில் மலையேறக் கூடாது. கண்டிப்பாகச் சொல்கிறேன், இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை.

நான் வீட்டு மொட்டைமாடியில் பழகினேன். முதல் தடவை இரண்டு மணி பத்து நிமிடம். இரண்டு டியூப் என் லிவராலேயே கிழிந்தது. அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, “கடையில குடுத்தா அம்பது ரூபாய்ல முடிஞ்சிருக்கும்” என்று சொல்லி வடாம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை 35 நிமிடம்.

சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தபின், வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்றை முழுசாக விடுங்கள். டயரின் ஓரத்தைப் பூட்ஸ் குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். இங்கேதான் சூட்சுமம்: ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. நீங்கள் லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். முழங்காலால் அழுத்தி அங்கேயே வைத்திருங்கள். இறங்கியிருந்தால் டயர் கையோடு வரும். இறங்கவில்லை என்றால் பயில்வானாலும் முடியாது. டயர் லிவரை இரண்டு விரல் தூரத்துக்கு ஒரு கடியாகப் போடுங்கள். பேராசைப்பட்டு ஒரு சாண் கடித்தால் டியூப்தான் கிழியும்.

டியூபை எடுத்ததும் புதுசைப் போட அவசரப்படாதீர்கள். டயருக்குள் ஒரு துணியைச் சுற்றி ஓட்டுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். கருவேல முள் வெளியே தெரியாமல் உள்ளே ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தேடினால் விரல்தான் சொல்லும். புது டியூபில் முகப்பவுடரைத் தடவி, உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். முடிக்கும் முன் வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கிவிட்டால் டியூப் ஓரத்தில் சிக்காது.

முன் டியூப் ஒன்றாவது எப்போதும் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 21 அங்குல டியூபை 18 அங்குலப் பின்சக்கரத்தில் மடித்து வைத்து அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்விடலாம். 18 அங்குல டியூபை 21-இல் போட வராது.

பாரம்

எடை குறைந்த வண்டியை வாங்கிய கையோடு ஆக்சசரி கடைக்குள் நுழைவது ஒரு தொற்றுநோய். இரும்பு ரேக்கும் அலுமினியப் பெட்டிகளும் காலியாகவே 15, 20 கிலோ வந்துவிடும். கிராஷ் கார்டு, கூடுதல் விளக்கு, அதற்கு ஒரு தாங்கி என்று போனால், காசு கொடுத்துக் குறைத்த எடையை மறுபடி காசு கொடுத்தே ஏற்றியிருப்பீர்கள். முதல் ஆயிரம் கி.மீ. வரை எஞ்சினுக்கு அடியில் பேஷ் பிளேட், கைப்பிடிக்கு அலுமினியத் தண்டுள்ள ஹேண்ட்கார்டு, இந்த இரண்டு மட்டும் போதும். லிவர் உடைந்தால் பயணம் முடிந்தது. எஞ்சினில் ஓட்டை விழுந்தால் பர்ஸும் முடிந்தது. சைலன்சரை மாற்றுவது சட்டப்படியும் தப்பு, மலைக்கிராமத்துக் குழந்தைகள் தூங்குகிற நேரத்துக்கும் தப்பு.

சாமானுக்குத் துணிப் பைகள். தண்ணீர், கருவிகள், டியூப் ஆகிய கனமானவை கீழே, உங்கள் தொடைக்குப் பக்கத்தில். துணியும் தூங்கும் பையும் மேலே. பின்விளக்குக்கு அப்பால் எதையும் தொங்கவிடாதீர்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் காற்றில் மிதக்க ஆரம்பிக்கும். என் மூட்டை இப்போது 14 கிலோ. பெரிய வண்டியில் பெட்டி இருக்கிறதே என்று 38 கிலோ கொண்டுபோனேன். அதில் ஒரு மடக்கு நாற்காலியும் இருந்தது. அதில் மூன்று தடவைதான் உட்கார்ந்தேன்.

கருவிப் பையைக் கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். வீட்டு வாசலில் வண்டியின் இரண்டு சக்கரத்தையும், பேட்டரியையும், ஏர் ஃபில்டரையும் கழற்றி மாட்டுங்கள். எதெல்லாம் கையில் எடுத்தீர்களோ அதெல்லாம் பையில் போகட்டும். எடுக்காதது வீட்டிலேயே இருக்கட்டும். அதோடு ஒரு கிளட்ச் கேபிள், நாலு ஃபியூஸ், கொஞ்சம் வயர், டேப், கட்டுக்கம்பி. மூன்று கிலோவைத் தாண்டாது.

நோட்டு

சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கி.மீ., என்ன செய்தேன். ஆயில் மாற்றியது, செயின் இறுக்கியது, ஸ்போக் தட்டியது, ஏர் ஃபில்டர் கழுவியது. இதை நீங்களும் வையுங்கள். பின்னாளில் விற்கும்போது இதுவே விலை சொல்லும். என்னுடையதில் முதல் 14,000 கி.மீ.க்கு நிறையப் பக்கம் ஆகவில்லை. பஞ்சர் நாலு. விழுந்தது பதினொன்று, அதில் ஒன்று வீட்டு கேட் முன்னால், எதிர்வீட்டுக்காரர் பார்க்க. முன் பிரேக் பேட் ஒரு ஜோடி. வளைந்த கிளட்ச் லிவர் ஒன்று. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தியது. வழியில் நின்று உதவிக்குக் காத்திருந்தது ஒரே ஒரு முறை, கல்வராயன் மலையில், முக்கால் மணி நேரம். அதன் எதிரே காரணத்தையும் எழுதியிருக்கிறேன்: பின் ஆக்சில் ஸ்பேனர் மொட்டைமாடியில், வடாம் தட்டுக்குப் பக்கத்தில்.